ஆராய்ச்சி ஏட்டில் உள்ளது கரிசல் காட்டுக்கு எட்டுமா?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்ட சம்சாரிகள் 2018-ஆம் ஆண்டை எளிதில் மறக்கமாட்டார்கள். அப்போது இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019-இல்தான். குருவிகுளம், மேலநீலிதநல்லூர்ப் பக்கங்களில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மானாவாரி மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்த சமயத்தில், இலைகள் சல்லடைக் கண்ணாகத் துளை விழுந்தன. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் மரத்தூள் போன்ற எச்சமும், அதற்குள் பதுங்கிய ஒரு புழுவும் இருந்தன. பாட்டன் காலத்தில் இருந்து பார்த்த தண்டுத் துளைப்பானும் அல்ல. பருத்தியில் கண்ட காய்ப்புழுவும் அல்ல. அது புதிய புழு.

உரக்கடையில் கொடுத்த மருந்தை அடித்தார்கள். கேட்கவில்லை. வேறு மருந்தை மாற்றி அடித்தார்கள். குருத்துக்குள் எச்சத்தை மூடிக்கொண்டு இருந்த புழுவின் மேல் மருந்து படவேயில்லை. பலருக்கு மருந்துச் செலவு விதைச் செலவைத் தாண்டியது. தமிழகம் முழுவதும் பாதிப்பு ஏற்பட்டதால், 2019-இல் மாநில அரசு மக்காச்சோள விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தது.

இதில் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சங்கரன்கோவில் சம்சாரி அந்தப் புழுவைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, அதன் பெயர், சொந்த ஊர், அடையாளம், பழக்கவழக்கம் எல்லாம் அச்சில் வந்திருந்தன. வந்த இடம் ஆராய்ச்சி இதழ்கள். அவை எதற்காக நடத்தப்படுகின்றன, அவற்றில் என்ன வரும், என்ன வராது, அவற்றில் வந்தது சிறு விவசாயிக்கு எந்த வழியில் வந்து சேரும் என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த முறை திகைப்பும் செலவும் குறையும்.

படைப்புழுவின் கதை

அமெரிக்கக் கண்டத்தைச் சொந்த ஊராகக் கொண்ட இந்தப் படைப்புழு, 2016-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. அந்தச் செய்தி அதே ஆண்டு 'பிளாஸ் ஒன்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. அந்த இதழை உலகில் எவரும் காசு கொடுக்காமல் இணையத்தில் படிக்கலாம். ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடிய அந்துப்பூச்சி அது. ஆகவே கடல் தாண்டி வருவதற்கு அதிக நாள் பிடிக்காது என்ற எச்சரிக்கை அப்போதே எழுந்துவிட்டது.

2018-ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பகுதி மக்காச்சோள வயல்களில் இந்தப் புழு தென்பட்டது. அங்குள்ள வேளாண்மை மற்றும் தோட்டக்கலைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் புழுவையும் அந்துப்பூச்சியையும் ஆராய்ந்து, இன்ன பூச்சிதான் என்று உறுதிசெய்து, 'பெஸ்ட் மேனேஜ்மென்ட் இன் ஹார்ட்டிகல்ச்சுரல் ஈகோசிஸ்டம்ஸ்' என்ற இதழின் 2018-ஆம் ஆண்டு முதல் வெளியீட்டில் எழுதினர். இந்தியாவில் இப்பூச்சி வந்துவிட்டது என்று அச்சில் அறிவித்த முதல் கட்டுரை அது.

அதே ஆண்டில் கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், தமிழகத்தில் கரும்பிலும் இந்தப் புழு காணப்படுவதை 'ஜர்னல் ஆஃப் சுகர்கேன் ரிசர்ச்' இதழில் எழுதினர். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனத்தார், இப்புழுவின் முட்டையையும் புழுவையும் தாக்கும் ஒட்டுண்ணிகள் இங்கேயே இருப்பதைக் கண்டு, 'ஜர்னல் ஆஃப் பயாலஜிகல் கன்ட்ரோல்' இதழில் எழுதினர்.

பூச்சி ஒன்று, கட்டுரைகள் மூன்று, இதழ்களும் மூன்று. ஏன் ஒரே இதழில் எல்லாம் வரவில்லை? இங்கேதான் 'நோக்கமும் வரம்பும்' என்ற விஷயம் வருகிறது.

நோக்கமும் வரம்பும்

ஒவ்வோர் ஆராய்ச்சி இதழும் தன் உள்ளட்டையிலோ, இணையப் பக்கத்திலோ, தான் எதற்காக நடத்தப்படுகிறது, எந்தெந்தப் பொருள் பற்றிய கட்டுரைகளை ஏற்கும் என்று ஒரு பத்தி அச்சிட்டிருக்கும். அதுவே அந்த இதழின் நோக்கமும் வரம்பும் ஆகும். கரும்பு இதழுக்குக் கரும்பு பற்றியதே வேண்டும். உயிரியல் முறைக் கட்டுப்பாட்டு இதழுக்கு, பயிர் எதுவானாலும் சரி, பூச்சியைப் பூச்சியாலும் பூஞ்சணத்தாலும் அடக்கும் வழி வேண்டும். பூச்சியியல் இதழுக்குப் பூச்சியின் பிறப்பு வளர்ப்பு வேண்டும். வரம்புக்கு வெளியே உள்ள கட்டுரை எவ்வளவு நல்லதானாலும் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

அகல உழுவதை விட ஆழ உழுவது மேல் என்பது பழமொழி. தனித்துறை இதழ்கள் ஆழ உழுகிறவை. குறுகிய பரப்பை எடுத்துக்கொண்டு அடிமண் வரை கிளறுகின்றன. பூ மார்க்கெட்டில் வத்தல் மூட்டையை இறக்கினால் வாங்க ஆள் இருக்காது; கமிஷன் மண்டியில் மல்லிகைப்பூவைக் கொட்டினால் மதியத்துக்குள் வாடிப்போகும். சரக்கை அறிந்தவர் கூடும் இடத்துக்கே சரக்கு போகவேண்டும். கட்டுரைக்கும் அதுவே விதி. கரும்புப் பூச்சி பற்றிய செய்தி, கரும்பை நாள்தோறும் பார்ப்பவர்களின் கைக்குப் போனால்தான் சரி தப்பு பார்க்க முடியும்.

ஆனால் இந்த வரம்பு கற்சுவர் போன்றதன்று, வரப்பு போன்றது. முதல் அறிவிப்பு வந்த இதழின் பெயரிலேயே தோட்டக்கலை இருக்கிறது. மக்காச்சோளமோ வயல் பயிர். ஆயினும் அந்த இதழிலேயே அது வந்தது.

பெயர் தெரிந்தால் வைத்தியம் தெரியும்

புதிய பூச்சிக்குச் சரியான பெயர் வைப்பதில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு இதற்கு நல்ல விடை.

2008-ஆம் ஆண்டு கோவையில் பப்பாளி மரங்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் ஒரு மாவுப்பூச்சி காணப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அது மரவள்ளி, மல்பெரி, பருத்தி, செம்பருத்தி, பார்த்தீனியச் செடி என்று கண்டதையெல்லாம் பற்றியது. உடம்பெல்லாம் மெழுகு மாவு பூசியிருப்பதால் மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. பட்டுப்புழு வளர்க்கும் மல்பெரியில் மருந்து அடிக்கவும் வழியில்லை. அடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். பலர் தோட்டத்தையே அழித்தனர்.

இந்தப் பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த 'பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்' என்று அடையாளம் கண்ட குறிப்பு, 'ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் அண்ட் அர்பன் என்டமாலஜி' என்ற இதழின் 2008-ஆம் ஆண்டுத் தொகுதியில் வந்தது. சில பக்கங்களே கொண்ட குறிப்பு. ஆனால் பெயர் தெரிந்தவுடன் பழைய ஏடுகள் பேசத் தொடங்கின. இதே பூச்சி கரீபியன் தீவுகளுக்கும், பசிபிக் கடலில் உள்ள குவாம், பலாவ் தீவுகளுக்கும் முன்பே போயிருந்தது. அங்கே சிறு குளவி வகை ஒட்டுண்ணிகளை விட்டு அடக்கியிருந்தார்கள். அந்த அனுபவம் அத்தனையும் ஆராய்ச்சி இதழ்களில் பதிவாகியிருந்தது.

அதன்படி 2010-ஆம் ஆண்டு பெங்களூர் நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகை ஒட்டுண்ணிகளை வரவழைத்தது. தனிமைக் காப்பில் வைத்துச் சோதித்து, பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகத் தோட்டங்களில் விடப்பட்டன. இவற்றில் 'அசிரோஃபேகஸ் பப்பாயே' என்ற ஒட்டுண்ணி நன்கு நிலைத்தது. கொசுவை விடச் சிறிய அந்தக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. விவசாயிக்கு அதனால் மருந்துச் செலவு இல்லை. தெளிப்பான் தூக்கவேண்டிய வேலையும் இல்லை.

எங்கோ ஒரு தீவில் ஒருவர் எழுதி வைத்தது, வேறொரு நாட்டில் வேறொருவருக்குப் பல ஆண்டு கழித்துப் பயன்படுவதே ஆராய்ச்சி இதழின் தலையாய நோக்கமாகும்.

முந்நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம்

கண்டுபிடித்ததைத் தன்னிடமே பூட்டி வைக்காமல் அச்சிட்டு எல்லோருக்கும் அறிவிக்கும் வழக்கம் 1665-ஆம் ஆண்டு லண்டனில் வெளியான 'பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்' என்ற இதழோடு வேர்விட்டது. வேளாண்மையில் தமிழகம் இதில் பின்தங்கவில்லை. கோவை வேளாண்மைக் கல்லூரியை ஒட்டி 1911-இல் தோன்றிய மெட்ராஸ் வேளாண் மாணவர் சங்கம், 1913-ஆம் ஆண்டில் இருந்து இதழ் நடத்தி வருகிறது. 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்' என்று இன்று அறியப்படுவது அதுவே. நெல், கம்பு, சோளம், பருத்தி என்று இந்த மண்ணின் பயிர்கள் பற்றி நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவு அதில் உள்ளது. சிறுதானிய ஆராய்ச்சியில் பெயர் பெற்ற ஜி. என். ரங்கசாமி அய்யங்கார் போன்றவர்கள் தங்கள் முடிவுகளை அதில் எழுதியவர்கள்.

பிறகு துறைக்கு ஓர் இதழ் என்று கிளை பிரிந்தது. 'இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் சயின்சஸ்' 1931-லும், பூச்சியியலுக்கான இந்திய இதழ் 1939-லும், பயிர் இனவிருத்திக்கான இதழ் 1941-லும், உழவியலுக்கான இதழ் 1956-லும் தொடங்கின. அறிவு பெருகப் பெருக, ஒரே களத்தில் எல்லாத் தானியத்தையும் குவிக்க முடியாமல் தனித்தனிக் குதிர் கட்டியதுபோல் ஆயிற்று.

அச்சுக்கு முன் ஒரு சல்லடை

விஞ்ஞானி எழுதி அனுப்பியதெல்லாம் அப்படியே அச்சாவதில்லை. இதழாசிரியர் முதலில் அது தம் வரம்புக்குள் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால், அதே துறையில் தேர்ந்த இருவருக்கோ மூவருக்கோ அனுப்புவார். யார் பார்க்கிறார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது. பார்ப்பவர்கள் குறை சொல்வார்கள்; கேள்வி கேட்பார்கள். 'ஒரு பருவம் மட்டும் செய்ததை வைத்துச் சிபாரிசு செய்யலாமா?', 'மருந்து அடிக்காத பாத்தி எங்கே?', 'மண் பரிசோதனை முடிவு எங்கே?' என்பார்கள். விடை சொல்லித் திருத்தி எழுதிய பிறகே கட்டுரை ஏற்கப்படும். இதற்கு மாதங்கள் ஆகும்; சில வேளை ஓர் ஆண்டும் ஆகும்.

சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்ட ஊர் சங்கரன்கோவில். கண்ணால் கண்ட பிறகே அந்த வாதம் ஓய்ந்தது என்பது தலபுராணம். விஞ்ஞானிகள் வழக்கும் ஏறத்தாழ அப்படித்தான். சொன்னவர் எவ்வளவு பெரியவர் என்பதைப் பார்ப்பதில்லை. காட்டியது என்ன என்பதைப் பார்ப்பார்கள்.

நான்கு பாத்தியின் கணக்கு

ஆராய்ச்சிக் கட்டுரையில் விவசாயி முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, சோதனையை எத்தனை தடவை திருப்பிச் செய்தார்கள் என்பது. ஒரே பிஞ்சையில் ஓடைப் பக்கம் கரிசல் ஆழமாக இருக்கும். மேட்டுப் பக்கம் சரளை தட்டும். புதிய ரகத்தை ஓடைப் பக்கமும் பழைய ரகத்தை மேட்டுப் பக்கமும் விதைத்துவிட்டு, புதியது நன்றாக விளைந்தது என்றால் அது ரகத்தின் பெருமையா, மண்ணின் பெருமையா?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த ஆர். ஏ. ஃபிஷர். வயலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லா ரகத்தையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்க வேண்டும் என்று 1926-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். உலகெங்கும் வயல் சோதனைகள் அந்த முறையிலேயே நடைபெறுகின்றன.

எடுத்துக்காட்டாக, பழைய ரகம் நான்கு பாத்திகளில் ஏக்கர் கணக்குக்கு 20, 22, 18, 24 மூடை கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 21. பக்கத்துப் பாத்திகளில் புதிய ரகம் 23, 21, 22, 26 மூடை. சராசரி 23. இரண்டு மூடை அதிகம் என்று உடனே விதை வாங்க ஓடலாமா? கூடாது. இரண்டாவது இடத்தில் பழையதே ஜெயித்திருப்பதைப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டால், இந்தச் சோதனையில் வித்தியாசம் ஏறத்தாழ 3.4 மூடைக்கு மேல் இருந்தால்தான் ரகத்தால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். இரண்டு மூடை, மண்ணின் ஏற்றத்தாழ்வாலும் வந்திருக்கலாம். கட்டுரைகளின் அட்டவணைக்கு அடியில் 'சி.டி.' என்று இரண்டெழுத்துப் போட்டு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணே இந்த 3.4. இரண்டு சராசரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதை விடக் குறைவானால் அதை நம்பிக் காசு போடக்கூடாது.

கட்டுரைக்கும் காட்டுக்கும் நடுவே

இதழில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு முடிவை மறுநாளே கடைப்பிடிக்க முடியாது. கோவையில் பாசனத்தில் செய்த சோதனை, சங்கரன்கோவில் மானாவாரிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. செவல் மண்ணில் சரியாக இருந்த உர அளவு கரிசலில் மிகையாகலாம்.

ஆகவே நடுவில் சில படிகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் பல ஆராய்ச்சி நிலையங்களில் ஒரே சோதனை நடத்தப்படும். கிழக்கே கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் கரிசல் மானாவாரிக்குப் பெயர் பெற்றது. அம்பாசமுத்திரம் நிலையம் நெல்லுக்குப் பெயர் பெற்றது. பிறகு வேளாண்மைத் துறையின் மூலம் விவசாயிகளின் சொந்த நிலங்களில் சோதனைத் திடல் அமைத்துப் பார்ப்பார்கள். தேறியதே பயிர் உற்பத்தி வழிகாட்டியில் இடம் பெறும். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லும் சிபாரிசு அதில் இருந்தே வருகிறது.

படைப்புழுவுக்கும் அப்படியே ஆயிற்று. தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடு, வால்பக்கத்துக் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் என்ற அடையாளம் கட்டுரைகளில் இருந்து துண்டுப் பிரசுரங்களுக்கு வந்தது. கோடை உழவு செய்து கூட்டுப்புழுவை வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாக்குவது, கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவது, ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைப்பது, வரப்போரமும் ஊடுபயிராகவும் பயறு வகை விதைப்பது, புழு சிறிதாக இருக்கும்போதே குருத்துக்குள் படும்படி மருந்து தெளிப்பது ஆகிய முறைகள் சிபாரிசாகின. 2018-இல் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

செய்தி வந்து சேராவிட்டால்

ஏட்டில் இருப்பது உரிய காலத்தில் வெளியே வராவிட்டால் வரும் நஷ்டத்துக்கு மிளகாய் ஓர் உதாரணம். 'திரிப்ஸ் பார்விஸ்பைனஸ்' என்ற அயல்நாட்டு இலைப்பேன் பெங்களூரில் பப்பாளியில் இருப்பதை 2015-ஆம் ஆண்டு 'ஜர்னல் ஆஃப் இன்செக்ட் சயின்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினர். ஆறு ஆண்டு கழித்து, 2021-இல், அதே பூச்சி ஆந்திராவின் குண்டூர்ப் பகுதி மிளகாய்த் தோட்டங்களில் பூவுக்குள் புகுந்து பெருஞ்சேதம் செய்தது. அங்கும் பலர் மருந்தை மாற்றி மாற்றி அடித்துக் கடனாளி ஆனார்கள். வத்தலை நம்பி இருக்கும் சங்கரன்கோவில் சம்சாரிகளும் மிளகாய்ப் பூவைத் தட்டிப் பார்த்துக் கருப்பான சிறு பூச்சி உள்ளதா என்று கவனிப்பது நல்லது.

ஆராய்ச்சி இதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. விஞ்ஞானி விஞ்ஞானிக்காக எழுதுகிறார். விவசாயிக்கு எழுதுவது அவற்றின் வரம்பில் இல்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஏடுகள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 'உழவரின் வளரும் வேளாண்மை' என்ற மாத இதழைத் தமிழில் நடத்துகிறது. விவசாயிகளின் சொந்தக் கண்டுபிடிப்பை அவர்கள் பெயரோடு பதிவு செய்ய வேண்டும் என்ற நோக்கத்துடன் அகமதாபாத்தில் தோன்றிய 'ஹனி பீ' இதழின் வழியில், மதுரை சேவா நிறுவனம் 'நம்வழி வேளாண்மை' என்ற தமிழ் இதழை வெளியிட்டு வந்தது. விவசாயி கேட்பவர் மட்டும் அல்லர், சொல்பவரும் ஆவார் என்பதை ஏற்ற இதழ்கள் இவை.

போலியும் உண்டு

நல்ல விதையில் கலப்படம் இருப்பதுபோல் ஆராய்ச்சி இதழிலும் போலி உண்டு. பணம் கட்டினால் எதையும் மூன்றே நாளில் அச்சிடும் இதழ்கள் ஏராளம். அவற்றின் வரம்பைப் படித்தாலே தெரிந்துவிடும்: வேளாண்மை, வைத்தியம், பொறியியல், வணிகம், இலக்கியம் எல்லாம் ஒரே இதழில் வரும் என்று எழுதியிருக்கும். தேர்ந்தவர் பார்வைக்கு அனுப்பாமலே ஏற்றுக்கொள்வார்கள். பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்றுக்கொண்ட இதழ்ப் பட்டியலில் இருந்து 2018-ஆம் ஆண்டு மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது என்றால், களை எவ்வளவு மண்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். வேளாண் இதழ்களுக்குத் தேசிய வேளாண் அறிவியல் கழகம் மதிப்பெண் கொடுத்துப் பட்டியல் வெளியிடுகிறது. அதைக் கொண்டு ஓரளவு தரம் பிரிக்கலாம்.

இது விஞ்ஞானிகளுக்குள் உள்ள விவகாரம் என்று விட்டுவிட முடியாது. வளர்ச்சி ஊக்கி, உயிர் உரம், புது மருந்து என்று வீட்டு வாசலுக்கு வரும் துண்டுப் பிரசுரங்களில் 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பிச் சம்சாரி கொடுப்பது அவர் வியர்வைக் காசு.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு எவர் வந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும்.

1. எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது? பெயர் சொல்ல முடியாவிட்டால் அது ஆராய்ச்சியே ஆகாது.

2. சோதனை எந்த ஊரில், எந்த மண்ணில், பாசனத்திலா மானாவாரியிலா நடந்தது?

3. எத்தனை பருவம் செய்தார்கள்? எத்தனை பாத்திகளில் திருப்பிச் செய்தார்கள்?

4. ஒன்றும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டார்களா? சாதாரணமாக விவசாயி செய்யும் முறையோடு ஒப்பிட்டார்களா?

5. கூடுதல் மகசூலின் மதிப்பு, கூடுதல் செலவை விட எவ்வளவு அதிகம்?

6. சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? சரக்கு விற்கும் கம்பெனியே கொடுத்திருந்தால் இன்னொரு இடத்திலும் விசாரிப்பது நல்லது.

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆங்கிலமோ பட்டமோ தேவையில்லை. மாடு வாங்கப் போனால் பல் பிடித்துப் பார்ப்பது போன்றதே இது.

விவசாயி செய்யக்கூடியது

வயலில் பார்த்தறியாத பூச்சியோ நோயோ தென்பட்டால், முதல் வேலை மருந்துக் கடைக்கு ஓடுவதன்று. செல்பேசியில் கிட்டத்தில் இருந்து படம் எடுக்க வேண்டும். நாலைந்து பூச்சிகளைப் பிடித்து மூடியுள்ள சிறு புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட வேண்டும். தாக்கப்பட்ட செடியை உயிர்ப்பூச்சியோடு பஸ்ஸில் தூக்கிச் செல்லக்கூடாது. போகும் வழியெல்லாம் பூச்சி பரவும். பயிர், ரகம், விதைத்த நாள், பூச்சி கண்ட நாள், அடித்த மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்திலோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ காட்ட வேண்டும். நேரில் போக வசதி இல்லாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் உழவர் அழைப்பு மையத்தைத் தமிழிலேயே கேட்கலாம்.

வீட்டில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்', இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ்கள் ஆகியவற்றை இணையத்தில் திறந்து, தங்கள் பயிரைப் பற்றிய கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமாவது தமிழில் படித்துச் சொல்லச் செய்யலாம். சுருக்கம் அரைப்பக்கந்தான் இருக்கும். செலவில்லாமல் கிடைக்கும்.

சிவமொக்காக் கட்டுரைக்கும் கோவைக் குறிப்புக்கும் ஆதாரம், யாரோ ஒரு விவசாயியின் வயலில் பிடித்த பூச்சிதான். விவசாயி காட்டாமல் விஞ்ஞானி காணமாட்டார். விஞ்ஞானி எழுதாமல் அடுத்த ஊர் விவசாயிக்குத் தெரியாது. இன்று சங்கரன்கோவில் பிஞ்சையில் ஒருவர் பிடித்து ஒப்படைக்கும் புழு, நாளை வேறொரு தேசத்தில் ஒரு குடும்பத்தின் வெள்ளாமையைக் காப்பாற்றலாம். அடுத்த புரட்டாசிப் பட்டத்துக்கு விதை வாங்கும்போதே ஒரு சிறு புட்டியும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.